பீலிக்குப் போன புள்ள

வாங்க மாப்ள, வாங்க. இஸ்தோப்புல கெடக்கிற அந்தப் பலகைய இழுத்துப் போட்டு ஒக்காருங்க. ஒரு கால் ஆடும். செவத்துப் பக்கமா சாஞ்சுக்கிட்டா ஒண்ணும் செய்யாது. என்ன இது, சனிக்கிழமை காலையில கடைய அடைச்சிட்டா வந்திருக்கீங்க? பாணுக்கும் பருப்புக்கும் வர்ற சனம் எல்லாம் எதிர்க் கடைக்குப் போயிருமே. அப்ப விசயம் பெரிசுதான்.

புள்ளையா? பீலிக்குப் போயிருக்கா. குளிச்சிட்டு வந்துருவா. தண்ணிச் சத்தம் கேக்குதுல்ல? நேத்து ராத்திரி கலஹா டவுன்ல இருந்து அந்த இருட்டுக்குள்ள மேட்டு லயத்துக்கு ஏறி வந்தவ, ஒரு வார்த்தை பேசல. ரொட்டிய பிச்சு சம்பல்ல தொட்டுத் தின்னா. அப்புறந்தான் சொன்னா, "அப்பா ரக்கட்ட அலுமாரியில வச்சுப் பூட்டிட்டாரு தாத்தா"ன்னு.

நல்ல காரியம் செஞ்சீங்க. நான் ஒங்க பக்கம், சந்தேகமே வேணாம். தேத்தண்ணி வருது, சீனி தொட்டுக் குடிங்க. ஆற அமரப் பேசுவோம். ஒங்களுக்குக் கோவம் வந்ததுல ஆயிரம் நியாயம் இருக்கு. ஆனா காரணம் கொஞ்சம் பலமா இல்ல. பாவாடை கட்டை, வெயில்ல கறுத்துப் போவா, நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது, இதையெல்லாம் கண்டியில அந்த டென்னிஸ் மாஸ்டர்கிட்டப் போய்ச் சொன்னா சிரிப்பாரு. நான் ஒங்களுக்கு உருப்படியான காரணங்களா எடுத்துத் தாரேன். டென்னிஸ் எனக்குத் தெரியும். பந்து பொறுக்கினவன் நான்.

அந்தா தெரியுது பாருங்க, பங்களாவுக்குக் கீழ மாட்டுப் புல்லு நிக்கிற சதுரம். அது கோர்ட்டு. 1975ல தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்புறம் மரவள்ளி போட்டாங்க, இப்பப் புல்லு. நான் பத்து வயசுப் பையனா இருந்தப்ப ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற நேரம் தொரையும் தொரசானியும் அதுல ஆடுவாங்க. சனிக்கிழமையே ரெண்டு ஆளு ரோலர் இழுக்கணும். அப்புறம் சுண்ணாம்பக் கரைச்சு வாளியில எடுத்துக்கிட்டு, கயிறு பிடிச்சு கோடு போடணும். நாங்க நாலு பையன்க மூலைக்கு ஒருத்தனா நிப்போம். ஆளுக்கு 25 சதமும் ஒரு விசுக்கோத்தும்.

தொரசானி நல்லா ஆடும். தொரைக்கு வயிறு முந்திக்கிட்டு வரும், பந்து பிந்திக்கிட்டு வரும். ஒருநாள் ஆட்டம் கடைசிக்கு வந்திருச்சு. தொரசானி அடிச்ச பந்து என் காலுக்கு ஒரு முழம் முன்னாடி, கோட்டு மேலயே விழுந்துச்சு. சுண்ணாம்பு பொடியா எழும்பினத இந்தக் கண்ணால பாத்தேன். தொரை "அவுட்டு"ன்னாரு. தொரசானி இல்லைன்னு தலைய ஆட்டுச்சு. தொரை என்னப் பாத்து, "டேய், உள்ளயா வெளியயா?"ன்னாரு. என் அப்பன் அந்த மாசம் காச்சல்ல கெடந்து அரைப்பேர் அரைப்பேராத்தான் செக்ரோல்ல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. "வெளிய தொரை"ன்னேன். தொரசானி என்னை ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு அந்தக் கோட்டப் பாத்துச்சு, அப்புறம் என்னப் பாத்துச்சு. அன்னைக்கு எனக்கு ரெண்டு விசுக்கோத்து.

அத விடுங்க. ஒங்க கதைக்கு வருவோம்.

இந்தப் புள்ளைக்கு இந்தக் கிறுக்கு எங்க இருந்து புடிச்சுதுன்னு நெனைக்கிறீங்க? பில்லி ஜீன் கிங் கோப்பைன்னு ஒண்ணு இருக்கு. ஒலகத்துப் பொம்பளைங்க நாடு நாடா கூட்டு சேந்து ஆடுறது. ஆம்பளைங்களுக்கு டேவிஸ் கோப்பைன்னு 1900லயே வந்திருச்சு. பொம்பளைங்களுக்கும் அப்பிடி ஒண்ணு வேணும்னு அமெரிக்காவுல ஹேசல் வைட்மன்னு ஒரு அம்மா 1919ல கேட்டுச்சு. கிடைச்சது 1963ல. 44 வருசம். நாம லயத்துக் கூரைத் தகரத்துக்கு மனு எழுதிக் குடுத்த மாதிரிதான். எழுதின ஆளு ஒண்ணு, தகரம் வந்தப்ப கீழ குடியிருந்த ஆளு வேற. ஆனா அந்த அம்மா உயிரோட இருந்து பாத்துச்சு, அந்தக் குடுப்பினையாவது இருந்துச்சு.

1963ல லண்டன்ல குயின்ஸ் கிளப்புல 16 நாட்டுப் பொம்பளைங்க கூடுனாங்க. பரிசுக் காசு ஒரு சதம் கிடையாது. வழிச் செலவு அவங்க அவங்க பாடு. இதத்தான் நீங்க மொதல் காரணமா சொல்லணும் மாப்ள: "கைக்காசு இல்லாத மலைக்கு எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்"னு. கடைக்காரர் வாய்க்குப் பொருத்தமா இருக்கும். கடைசி ஆட்டம் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும். சிங்கிள்ஸ்ல ஆளுக்கொண்ணு ஆகி, டபுள்ஸ்ல முடிவாச்சு. அமெரிக்காக்காரிங்க மொதல் செட்டத் தோத்து, ரெண்டாவத 13க்கு 11ன்னு இழுத்து, மூணாவத 6க்கு 3ன்னு முடிச்சாங்க. அந்த ஜோடியில ஒருத்திக்கு வயசு 19. அவதான் பின்னாடி பில்லி ஜீன் கிங். 2020ல அவ பேரத்தான் கோப்பைக்கே வச்சாங்க. அதுவரைக்கும் அதுக்கு ஃபெடரேசன் கோப்பை, ஃபெட் கோப்பைன்னு பேரு. கேட்டா ஏதோ கூட்டுறவுக் கடை மாதிரி இருக்கும்.

கோப்பைக்குப் பேரு வைக்கிற அளவுக்கு அவ செஞ்ச காரியத்தக் கேளுங்க, ஒங்களுக்குக் கோவம் கூடும். 1970ல ஒரு போட்டியில ஜெயிக்கிற ஆம்பளைக்கு 12,500 டொலர், பொம்பளைக்கு 1,500ன்னு போட்டாங்க. ஒம்பது பொம்பளைங்க முடியாதுன்னு வெளிய வந்து, ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொந்தரப்பு எழுதி, தனியா ஒரு போட்டியில எறங்கினாங்க. ஒரு டொலர்! நம்ம ஆளுங்க 1000 ரூபாய்க்கு எத்தனை வருசம் ரோட்டுல குந்தி, 2021ல வாங்கினோம்? அவங்க ஒரு டொலர்ல ஆரம்பிச்சாங்க. 1972ல அமெரிக்க ஓப்பன்ல அவ ஜெயிச்சப்ப கையில குடுத்தது 10,000 டொலர். ஆம்பளைக்கு 25,000. "அடுத்த வருசம் ஒண்ணா இல்லாட்டி நான் வரமாட்டேன்"னுட்டா. 1973ல ஒண்ணாயிருச்சு.

இப்ப கொஞ்சம் நெஞ்ச நிமித்துங்க மாப்ள, நமக்குப் பெருமையான எடம் வருது. பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒரே சம்பளம்னு விம்பிள்டன்காரன் ஒத்துக்கிட்டது எப்ப? 2007ல. நம்ம தோட்டத்துல எப்ப? 1984 வேலைநிறுத்தத்துக்கு அப்புறம். 23 வருசம் முந்தி! வெள்ளைக்காரன் தேயிலைய மொத மொதல்ல யாவாரத்துக்குன்னு வெளைச்சது, இந்தா இந்த மலைக்கு அந்தப் பக்கம் லூல்கந்தரயில, 1867ல. ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல போட்டாரு. அன்னையில இருந்து கொழுந்து எடுத்தது பொம்பளை. ஆனா 117 வருசம் அவ பேருக்குக் கொறச்ச காசு. சரி, 1984ல ஒண்ணாக்கிட்டாங்க. அதனால நாமதான் ஒலகத்துக்கு வழிகாட்டி. விம்பிள்டன்காரன் நம்ம பெரட்டுக்களத்துல வந்து பாத்துட்டுப் போயிருக்கணும்.

வந்திருந்தா இன்னொண்ணையும் பாத்திருப்பான். கவ்வாத்துக்கும் மருந்தடிக்கும் போற ஆம்பளை ஒரு மணிக்கெல்லாம் கத்திய தோள்ல போட்டுக்கிட்டு லயத்துக்கு வந்துருவான். பொம்பளை நாலரை மணி வரைக்கும் மலையில நிப்பா. அட்டை கடிச்ச காலோட மடுவத்துல நிறுவைக்கு வரிசையில நிப்பா. பேரு ஒண்ணுதான், சம்பளமும் ஒண்ணுதான். மணிக்கூடுதான் ரெண்டு. அந்தச் சம்பளத்தையும் மாசக் கடைசியில மேசையில போய் வாங்கினது யாரு? ஒங்க மாமியோட சம்பளத்த நான்தான் வாங்கினேன். முப்பது வருசம். அவ ஒருநாளும் கேட்டதில்ல. அவ கேக்காததால நான் சொன்னதும் இல்ல. ரெண்டு கையும் ஒரே வேகத்துல போகும் அவளுக்கு, மட்டக்கம்பு வச்ச மாதிரி ஒரே மட்டத்துல. நெரை முடிச்சுட்டு பக்கத்து நெரைக்காரிக்கும் கைகுடுப்பா. ரக்கட் மட்டும் குடுத்திருந்தா டபுள்ஸுக்குன்னே பொறந்தவ. குடுக்கல. படங்கும் தலைக்கூடையும்தான் குடுத்தோம்.

தண்ணிச் சத்தமா? ஆமா, இன்னும் குளிக்கிறா. தலைக்கு ஊத்துறா போல. இருங்க.

அந்த ஆட்டத்துக் கணக்கே சரியில்ல, அதையும் சொல்லுங்க. மொதல் பந்து ஜெயிச்சா 15. அடுத்தது 30. மூணாவது என்ன வரணும்? நீங்க கடைக்காரர், 45ன்னு சொல்லுவீங்க. அங்க 40. அஞ்ச எவன் எடுத்தான்? நீங்க ஆச்சரியப்படலாம், மடுவத்துல நிறுத்துப் பாத்தவன் ஆச்சரியப்பட மாட்டான். தராசுல 20 காட்டும். சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு வெட்டி 18ன்னு எழுதுவாங்க. வெயிலடிக்கிற அன்னைக்கும் ஈரத்துக்கு வெட்டுவாங்க. இத இங்க பாத்துட்டு அங்க கொண்டு போனாங்களா, அங்க இருந்து இங்க கொண்டு வந்தாங்களான்னு எனக்குப் புடிபடல. அப்புறம் சைபருக்கு அங்க "லவ்"வுன்னு பேரு. நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ அதுக்கு அங்க மதிப்பே இல்ல மாப்ள. நிம்மதியா இருங்க.

ஆம்பளை மானம்னு ஒண்ணு இருக்கே, அத மறந்துட்டேன். 1973ல பொபி ரிக்ஸ்னு 55 வயசு ஆளு. ஒரு காலத்துல பெரிய ஆட்டக்காரன். "பொம்பளை ஆட்டமெல்லாம் ஒரு ஆட்டமா, இந்த வயசுலயும் நான் எவளையும் அடிப்பேன்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சொன்னதோட நிக்காம மார்கரெட் கோர்ட்டுங்கிற பெரிய வீராங்கனைய 6-2, 6-1ன்னு அடிச்சும் போட்டாரு. அப்பப் பில்லி ஜீன் வந்தா. ஹூஸ்டன்ல பெரிய மைதானம், முப்பதாயிரம் சனம். இவரு பொம்பளைங்க இழுக்கிற ரிக்‌ஷாவுல வந்தாரு. அவ, ஆம்பளைங்க தூக்குற பல்லக்குல வந்தா. வந்து இவரு கையில ஒரு பன்னிக்குட்டியக் குடுத்தா. அப்புறம் 6-4, 6-3, 6-3. நானும் 55 வயசுல கொஞ்சம் பேசிக்கிட்டுத்தான் திரிஞ்சேன். நல்லவேளை, நம்ம லயத்துல யாருக்கிட்டயும் பன்னிக்குட்டி இல்ல. ஒங்களுக்கு இப்ப 46 தானே? இன்னும் நாள் இருக்கு.

கறுத்துப் போவாங்கிறத மட்டும் கண்டியில சொல்லிராதீங்க. குண்டசாலையில இருந்து போன முரளி வெயில்லயே நின்னு 800 விக்கெட் எடுத்தாரு. அவரு கறுத்துப் போவாரேன்னு எந்த வீட்டுல அழுதாங்க? கையப் பத்தித்தான் பேசினாங்க, தோலப் பத்தி யாரும் பேசல. பொண்ணு ஒசரமாகிருவா, தோள் அகண்டுரும்னும் சொல்லாதீங்க. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குலம். அந்த ஒசரத்தாலதான் நம்ம நாடு வலைப்பந்துல 2018ல ஆசியாக் கோப்பைய வாங்கிச்சு. குட்டையா இருக்கான்னும் சொல்ல முடியாது. இத்தாலிக்காரி பவோலினி அஞ்சடி நாலங்குலம், நம்ம கடைசி லயத்துச் செல்வி அளவுதான். 2024ல மலாகாவுல அரை இறுதியில போலந்துக்காரி ஷ்வியான்டெக்கிட்ட சிங்கிள்ஸ்ல தோத்தா. பெரிய ஆளு அவ, தோக்கிறதுல வெக்கமில்ல. ஆனா இவ போய்ப் போத்திக்கிட்டுப் படுக்கல. அன்னைக்கே எர்ரானியோட சேந்து டபுள்ஸ்ல எறங்கி, நெட்டுக்கு அந்தப் பக்கம் அதே ஷ்வியான்டெக் நிக்கையில 7-5, 7-5ன்னு ஜெயிச்சா. இத்தாலி அந்த வருசமும் கோப்பைய எடுத்துச்சு, 2025லயும் சீனாவுல ஷென்ஜென்ல அமெரிக்காவ அடிச்சு எடுத்துச்சு. அமெரிக்கா 18 தடவை எடுத்த நாடு மாப்ள.

எப்பிடி முடிஞ்சுதுன்னா, அது ஒத்தை ஆளு ஆட்டம் இல்ல. ரெண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ், மூணுல ரெண்டு எடுத்தா நாடு அடுத்த படி. கடைசி எட்டு நாட்டுக்கு வந்துட்டா நொக்கவுட்டு, தோத்தவன் பொட்டியக் கட்டணும். கோர்ட்டுக்குள்ளயே ஓரத்துல கெப்டன் கதிரை போட்டு ஒக்காந்திருக்கும். பக்கம் மாறுற நேரமெல்லாம் காதுல ஓதும், துவாயத் தரும், தண்ணி தரும். மத்த போட்டிகள்ல ரொம்ப காலம் அப்பிடி வாய் தொறக்கவே விடல. பாத்தா நம்ம கங்காணி மாதிரிதான். ஒரு வித்தியாசம், இந்தக் கங்காணி தோத்து வர்றவள ஏசாம தோள்ல கை போடும். அப்பிடிக் கங்காணி நம்ம மலையில இருந்திருந்தா கொழுந்து எவ்வளவு கூடியிருக்கும்னு நான் அப்பப்ப யோசிக்கிறது.

கல்யாணம் ஆனா எல்லாம் முடிஞ்சுதுங்கிறீங்க. இந்தியாவுல சானியா மிர்சா 2018ல புள்ளை பெத்துச்சு. 2020ல டுபாய்ல இந்தக் கோப்பைக்கு வந்து அங்கிதா ரெய்னாவோட ஆடி, இந்தியாவ மொதத் தடவையா பிளேஓஃபுக்குக் கொண்டு போச்சு. நம்ம பக்கத்துச் சொந்தம் வேணும்னா கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன். அப்பாவே கோச்சு. 1998ல அவுஸ்திரேலிய ஓப்பன்ல ஒரு சுத்து ஜெயிச்சுது. அந்த மாதிரிப் பெரிய போட்டியில இந்தியப் பொம்பளை ஒருத்தி ஜெயிச்சது இந்தக் காலத்துல அதுதான் மொதத் தடவை. அந்த அப்பாவும் அலுமாரி வச்சிருந்திருப்பாரு. என்னத்தப் பூட்டுனாரோ. இப்ப அதே ஊருல மாயா ராஜேஸ்வரன்னு ஒரு புள்ள, 2025ல பதினஞ்சு வயசுல மும்பாய்ல பெரியவங்களோட ஆடி அரை இறுதி வரைக்கும் வந்துச்சு. பதினஞ்சு. நம்ம புள்ளைக்கு என்ன, பதினாலா? சும்மா கேட்டேன்.

இன்னொரு தேத்தண்ணி? சூடு ஆறிப்போச்சு பாருங்க, கேட்டுக்கிட்டே இருந்துட்டீங்க. ஏய் செல்வி, மாமாவுக்கு இன்னொண்ணு ஊத்து.

நம்ம நாடு எங்க நிக்குதுன்னு கேக்குறீங்களா? கேளுங்க, ஒங்களுக்கு வாய்ப்பான எடம். ஆசியா ஓசியானியாக் கூட்டத்துல, கீழ்க் குழுக்கள்ல. மேட்டு லயத்துல இத்தாலி, பணிய லயத்துல நாம. அதனால "இந்த நாட்டுக்கு ஆடி என்னத்தக் கண்டது"ன்னு நீங்க சொல்லலாம். நான் கூடவே சொல்லுவேன்.

ஆனா ஒரு சங்கதி மட்டும் எனக்குத் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. இந்தக் கோப்பையில நடுவர் ஆட்டக்காரி பேரச் சொல்ல மாட்டாரு. பந்து ஜெயிச்சது பவோலினியா இருந்தாலும் "கேம், இத்தாலி"ம்பாரு. நாட்டுப் பேருதான். பேரன் போன்ல காட்டுனப்ப நான் மறுக்கா மறுக்காப் போடச் சொல்லிக் கேட்டேன். அவனுக்கு வெளங்கல, தாத்தாவுக்குக் காது மந்தமாப் போச்சுன்னு நெனைச்சான்.

நான் பொறந்தது 1948ல. அந்த வருசந்தான் குடியுரிமைச் சட்டம் போட்டாங்க. எங்களுக்கு நாடு இல்லைன்னு ஆயிருச்சு. இவங்க லண்டன்ல நாட்டுக்கு நாடு ஆடுனாங்களே 1963ல, அன்னைக்கு நம்ம லயத்துல இருந்த எவரையாவது கோர்ட்டுல நிறுத்தியிருந்தா நடுவரு என்னன்னு கூப்பிட்டிருப்பாரு? வாய தொறந்துட்டு மூடியிருப்பாரு. அடுத்த வருசம் அக்டோபர்ல சிறிமாவும் சாஸ்திரியும் ஒக்காந்து பேசுனாங்க. அஞ்சே கால் லட்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இலங்கைக்கு. மிச்சம் ஒண்ணரை லட்சம் பேர அப்புறமாப் பாத்துக்கலாம்னுட்டாங்க. டபுள்ஸ்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பந்து வரும் பாருங்க. அது ஒன்னோடதுன்னு இவ நிப்பா, ஒன்னோடதுன்னு அவ நிப்பா. பந்து நடுவுல டொக்குன்னு விழும். நான் அந்த ஒண்ணரை லட்சத்துல ஒருத்தன். பத்து வருசம் கழிச்சு 1974ல குனிஞ்சு எடுத்துப் பாதி பாதியாப் பிரிச்சாங்க. என் தம்பி ஒரு பாதியில, நான் ஒரு பாதியில. அவன் கண்டி ஸ்டேசன்ல கோச்சி ஏறி, தலைமன்னார்ல கப்பல் ஏறினான். எனக்குக் காகிதம் கையில வந்தது 2003 சட்டத்துக்கு அப்புறம். வயசு அம்பத்தஞ்சு. ரிக்ஸ் தோத்த வயசு. அப்பன் அதுக்கு முந்தியே போயிட்டாரு. அவரு செத்த துண்டுல நாடுங்கிற எடத்துல என்னமோ கோடு போட்டுத்தான் குடுத்தாங்க.

அதான் மாப்ள. வேற ஒண்ணுமில்ல. எவளோ ஒருத்தி, அது நம்ம புள்ளையாத்தான் இருக்கணும்னு இல்ல, ஒரு பந்த அடிச்சுட்டு நிக்கையில, ஏணி மாதிரி கதிரையில ஒக்காந்திருக்கிறவன் மைக்குல "கேம், ஸ்ரீலங்கா"ன்னு சொல்லி, அது இந்த மலையில பொறந்த புள்ளையப் பாத்துச் சொல்றதா இருந்தா எப்பிடியிருக்கும்னு ஒரு நெனைப்பு. கெழவன் நெனைப்பு. தோத்தாலும் "கேம்" எதிர்நாட்டுக்குப் போகும், நம்ம பேரு பலகையில இருக்கும்ல. பணிய லயமா இருந்தா என்ன, விலாசம் விலாசந்தானே.

சரி, ஏன் இப்பிடி மணிக்கூட்டப் பாக்கிறீங்க? ஒம்பதா? ஒம்பது ஆகியிருச்சா!

தண்ணிச் சத்தமா? அது செல்வி மகன் குளிக்கிறான். நான் "புள்ள பீலிக்குப் போயிருக்கா"ன்னு சொன்னது பொய்யில்ல மாப்ள, கோவிச்சுக்காதீங்க. வெள்ளென அஞ்சு மணிக்குப் போனா. குளிச்சா, வந்தா, சாமி கும்பிட்டா, ஆறு மணி பஸ்ஸுல ஏறிட்டா. இப்போ பேராதனையத் தாண்டி, டவுனுக்குள்ள போய், ஏரிக்கரையில கார்டன் கிளப் கோர்ட்டுல நிப்பா. பத்து மணிக்காம் ஆட்டம். ஸ்கூல் துண்டுல "தந்தை அல்லது பாதுகாவலர்"னு ஒரு கோடு போட்டிருந்தாங்க. அந்த "அல்லது"வப் புடிச்சுக்கிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். நல்ல எழுத்து அது, அல்லதுங்கிறது.

ரக்கட்டா? அலுமாரியில வச்சுப் பூட்டினதுல ஒங்க மேல தப்பே இல்ல. ஆனா அந்த அலுமாரிய ஒங்க கல்யாணத்துக்குச் சீதனமா வாங்கிக் குடுத்தவன் நானு. மாத்தளையில வாங்குனேன். ரெண்டு சாவி குடுத்தான் கடைக்காரன். ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கு. மத்தது எம் மக கழுத்துச் சங்கிலியில இருக்கே, பதினாறு வருசமா ஒங்க கண்ணுக்குப் படலையா? என்னத்த மாப்ள நீங்க.

எங்க எந்திரிச்சுட்டீங்க? பலகைய அப்பிடி வேகமா விட்டு எந்திரிக்காதீங்க, அந்தக் காலு கழண்டுரும். கண்டிக்கா? அப்ப இந்தப் பொதியையும் எடுத்துக்கிட்டுப் போங்க. அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டா, ரொட்டியும் கட்டச் சம்பலும். ஒம்பதேகால் பஸ் கீழ சந்தியில திரும்புற சத்தம் கேக்குது, ஓடுனாப் புடிச்சிரலாம். மொதல் செட்டு தவறிப்போகும், ரெண்டாவதப் பாக்கலாம்.

ஒண்ணு மட்டும். அந்த ஊர் ஆட்டங்கள்ல கோட்டுக்கு ஆளு போட மாட்டாங்களாம், பக்கத்துல நிக்கிறவங்களத்தான் கேப்பாங்களாம். ஒங்கள யாராவது "உள்ளயா வெளியயா"ன்னு கேட்டா, சுண்ணாம்பப் பாத்துச் சொல்லுங்க மாப்ள.